பங்குச் சந்தையில் டே ட்ரேடிங்: மேசையில் என்ன இருக்க வேண்டும்?

கொக்குவிலில் இருந்து 27 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"பின்னேரங்களில் ரியூசன் படிப்பிக்கிறேன். காலையில் இருந்து மூன்று மணி வரை வீட்டில்தான். கனடாவில் உள்ள அண்ணா ஆறு இலட்சம் ரூபா அனுப்பியிருக்கிறார். கொழும்புப் பங்குச் சந்தையில் டே ட்ரேடிங், அதாவது ஒரே நாளில் பங்கை வாங்கி விற்பது, செய்து பார்க்க விருப்பம். என்னிடம் ஐந்து வருடப் பழைய லப்ரொப் ஒன்று உண்டு, ஐ5, 8 ஜீபீ ராம். அது போதாது என்று கடையில் சொன்னார்கள். கிராபிக்ஸ் கார்ட் போட்ட கணினி, மூன்று திரை, கேமிங் கதிரை எல்லாம் சேர்த்து 375,000 ரூபாவுக்கு விலைப்பட்டியல் தந்திருக்கிறார்கள். வாங்கலாமா? வீட்டில் ஃபைபர் லைன் இருக்கிறது, ஆனால் கரண்ட் போனால் அதுவும் போய்விடும். கூட்டாளி ஒருவன், கொழும்புச் சந்தை மெதுவானது, ஃபோரெக்ஸ் (வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்பது) செய் என்கிறான். எதிலிருந்து தொடங்குவது?"

பதில்:

வாங்க வேண்டாம். ஆறு இலட்சத்தில் 375,000 மேசைக்குப் போனால் சந்தைக்கு மிஞ்சுவது 225,000. அந்த 225,000 ஐ வைத்து, போன காசைத் திரும்ப எடுக்கவே முதலின் ஒன்றரை மடங்குக்கு மேல் இலாபம் வரவேண்டும். அந்தக் கட்டாயத்தோடு தொடங்குபவர் முதல் மாதத்திலேயே தாங்க முடியாத அளவு பங்கை வாங்கத் தொடங்குவார். உங்கள் மேசைக்குத் தேவையானது கரண்ட் போனாலும் லைன் போனாலும் கையில் இருக்கும் பங்கை விற்று வெளியே வர ஒரு வழி. அதற்குப் பெரிய காசு வேண்டாம். எங்கே செலவழிப்பது, எங்கே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கட்டணக் கணக்கு. எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் கொழும்பில் டே ட்ரேடிங் சரிவருமா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். 100 மில்லியன் ரூபா வரையான கொடுக்கல் வாங்கலுக்கு வழமையான மொத்தக் கட்டணம் 1.12 வீதம். அதில் தரகு 0.64, பங்குச் சந்தைக்கு 0.084, சீ.டீ.எஸ் எனப்படும் மத்திய வைப்பகத்துக்கு 0.024, பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 0.072, அரசின் பங்குக் கொடுக்கல் வாங்கல் வரி 0.30. இது வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு.

25.00 ரூபாப்படி 2,000 பங்கு வாங்குகிறீர்கள் என்று வைப்போம். பங்கின் பெறுமதி 50,000, கட்டணம் 560, ஆக 50,560 போகிறது. 25.50 க்கு விற்றால் 51,000 வரும், அதில் 1.12 வீதம் கழிய கைக்கு 50,428.80. விலை 50 சதம் ஏறியும் உங்களுக்கு 131 ரூபா நட்டம். 25.60 க்கு விற்றால்தான் 66 ரூபா மிஞ்சும். நூறு ரூபாவுக்குக் குறைந்த பங்குகளின் விலை பத்துப் பத்துச் சதமாகத்தான் நகரும். அப்படியென்றால் ஆறு படி ஏறிய பிறகே நீங்கள் தொடங்கிய இடத்துக்கு வருகிறீர்கள். எந்த விலைக்கும் பொருந்தும் குறுக்கு வழி: வாங்கிய விலையை 1.0227 ஆல் பெருக்குங்கள், அதுதான் உங்கள் சமநிலை விலை. இதை ஒரு அட்டையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டுங்கள். ஒரே நாளில் வாங்கி விற்றால் தரகில் கழிவு உண்டா என்று தரகரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். அன்றைய கட்டண அட்டவணையையும் அதோடு சேர்த்து எடுத்து, இந்த எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்தியச் சந்தையையோ அமெரிக்கச் சந்தையையோ வைத்து எடுத்த யூரியூப் வீடியோக்களில், ஒரு நாளில் பத்துப் பதினைந்து தரம் வாங்கி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கட்டணம் வேறு. இல்லாத பங்கை முதலில் விற்றுப் பிறகு வாங்கும் வழியும் அங்கே உண்டு. கொழும்பில் சாதாரண முதலீட்டாளருக்கு அது நடைமுறையில் கிடையாது. விலை ஏறும் நாளில் மட்டும்தான் உங்களுக்கு வேலை, அதுவும் 2.27 வீதத்துக்கு மேல் ஏறக்கூடிய பங்கில் மட்டும். ஆகவே கொழும்பில் இந்த வேலையைச் செய்பவர் ஒரு வாரத்துக்கு இரண்டு மூன்று ட்ரேடோடு நிறுத்துவதும், சில பங்குகளை இரண்டு நாள், ஒரு வாரம் வைத்திருப்பதும்தான் புத்தி. அந்த வேகத்துக்கு மூன்று திரை எதற்கு?

கணினி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரகரின் இணையத் தளமும் விலை வரைபடமும் பிரவுசரில் ஓடுபவை. கிராபிக்ஸ் கார்ட்டுக்கு இதில் வேலை இல்லை. உங்கள் லப்ரொப்பில் ராமை 16 ஜீபீ ஆக்குங்கள். இரண்டு ராம் இடம் இருக்கிறதா, அல்லது போர்டோடு ஒட்டியதா என்று திறந்து பார்த்த பிறகு வாங்குங்கள். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மாற்றுவது ராமை விட முக்கியம். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. காசு புழங்கும் கணினியில் விண்டோஸ் 11 இருக்கட்டும். யாராவது மலிவாகப் பழைய லப்ரொப் தந்தாலும் இன்ரெல் 8 ஆம் தலைமுறைக்கு முந்தியதை எடுக்காதீர்கள், விண்டோஸ் 11 அதற்கு முறையாக ஏறாது.

லப்ரொப்பின் பற்றறியைச் சோதியுங்கள். விண்டோஸிலேயே பற்றறி அறிக்கை எடுக்கும் கட்டளை இருக்கிறது. அது தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவையும் காட்டும். இரண்டாவது எண் முதலாவதில் 60 வீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பற்றறி போடுங்கள். இந்த ஊரில் மேசைக் கணினியை விட லப்ரொப் மேல் என்று நான் சொல்வது இந்தப் பற்றறிக்காகத்தான். விண்டோஸ் அமைப்பில், தானாக அப்டேட் செய்து மறுதொடக்கம் செய்யாத நேரமாகக் காலை 8 முதல் மாலை 4 வரை குறித்துவிடுங்கள். பங்கு கையில் இருக்கும்போது கணினி மறுதொடக்கத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

ஒரு திரை மேலதிகமாக வாங்கலாம். 24 அங்குலம், 1920க்கு 1080, ஐபிஎஸ் வகை. ஓடர் போடும் பக்கமும் சந்தை ஆழமும் (எந்த விலைக்கு எத்தனை பங்கை வாங்க, விற்க ஆள் நிற்கிறது என்று காட்டும் பட்டியல்) லப்ரொப் திரையில், வரைபடம் பெரிய திரையில். ஓடர் பக்கத்தை எப்போதும் லப்ரொப்பில் வையுங்கள், கரண்ட் போனால் வெளித்திரை அணையும், ஓடர் பக்கம் அணையாது. கதிரைக்கு முதுகு சாயவும் உயரம் கூட்டிக் குறைக்கவும் முடிந்தால் போதும். யன்னல் வெளிச்சம் திரையில் நேரே விழாதபடி மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

இனி கரண்ட். சந்தை 9.30 க்குத் திறந்து 2.30 க்கு மூடுகிறது, ஐந்து மணி நேரம். 2022 இல் பார்த்தது போன்ற நீண்ட மின்வெட்டு இன்று இல்லைதான், ஆனாலும் கார்த்திகை மழையில் மரம் முறிந்து லைனில் விழுந்தால் அரை நாள் போகும். பராமரிப்புக்காக அறிவித்து நிறுத்தும் நாட்களும் உண்டு. அந்த அறிவித்தலைப் பார்த்து, அன்றைக்கு ட்ரேட் எடுக்காமல் விடுவதே முதல் பாதுகாப்பு.

உங்கள் வீட்டில் கரண்ட் போனவுடன் சாவது லப்ரொப் அல்ல, ஃபைபர் ரவுட்டர். அது பெரும்பாலும் 12 வோல்ற்றில் ஓடும் 10, 12 வற் பொருள். அதற்கு மட்டும் ஒரு சின்ன டிசி யூபிஎஸ் வாங்குங்கள், கையளவுதான் இருக்கும், சுவரில் மாட்டலாம். இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் ஏமாறுவார்கள். ஒன்று, பெட்டியில் 8,800 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் லிதியம் செல்லின் கணக்கு. 8.8 ஐ 3.7 ஆல் பெருக்கினால் 32 வற் மணி. 12 வோல்ற்றுக்கு மாற்றும்போது கொஞ்சம் வீணாகி 27 அளவில் நிற்கும். 10 வற் ரவுட்டருக்கு இது இரண்டரை மணி நேரம். ஐந்து மணி நேரமும் ஓட வேண்டுமென்றால் இதைப்போல் இரண்டு மடங்கு கொள்ளளவு பார்த்து எடுங்கள். மற்றது பிளக். ரவுட்டரின் அடப்ரரில் 12 வோல்ற் 1 அம்பியரா, 1.5 ஆ, 2 ஆ என்று எழுதியிருக்கும். யூபிஎஸ் அதே வோல்ற்றேஜைத் தரவேண்டும், அம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கவேண்டும். முள்ளின் நடுப்பகுதி பிளஸ்ஸா என்று இரண்டிலும் உள்ள படத்தை ஒப்பிடுங்கள். உள்விட்டம் 2.1 மில்லிமீற்றர், 2.5 மில்லிமீற்றர் என்று இரண்டு வகை முள் வருகிறது. 2.1 க்குரிய இடத்தில் 2.5 ஐப் போட்டால் செருகும், ஆனால் ஆடும். ஆடுகிற முள் சரியாக நீங்கள் விற்கப் போகும் நேரத்தில் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடும்.

கடையில் 650 விஏ யூபிஎஸ் ஒன்றையும் தரப் பார்ப்பார்கள். 650 விஏ என்பது 650 வற் அல்ல. பெரும்பாலான சின்ன யூபிஎஸ்களில் அது 360, 390 வற் அளவுதான். உள்ளே 12 வோல்ற் 7 அம்பியர் மணி ஈயப் பற்றறி, அதாவது 84 வற் மணி. பயன்படுத்தக் கிடைப்பது 50 அளவில். 20 வற் திரையும் 10 வற் ரவுட்டரும் என்றால் ஒன்றரை மணி நேரம் வரும். கடைக்காரர் சொன்ன கணினியும் மூன்று திரையும் 225 வற் இழுத்தால் பத்து நிமிடம்தான் தாங்கும். ரவுட்டரை மட்டும் தனியே இதில் மாட்டிவிட்டு நம்பியிருக்கவும் வேண்டாம், சுமை மிகக் குறைவாக இருந்தால் பற்றறியைச் சேமிக்கத் தானே அணைந்துவிடும் மாதிரிகள் உண்டு. ஈயப் பற்றறிக்கு வெயிலும் ஆகாது. 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. ஓட்டுக்குக் கீழே, யன்னலோரம் வைத்த யூபிஎஸ் இரண்டு வருடத்தில் பேருக்குத்தான் இருக்கும்.

பக்கத்துத் தோட்டத்தில் இறைப்பு மோட்டர் போட்டவுடன் உங்கள் வீட்டு மின்குமிழ் மங்குகிறதா என்று கவனியுங்கள். மங்கினால், வோல்ற்றேஜைச் சரிசெய்யும் வசதி உள்ள யூபிஎஸ் வெளித்திரைக்குத் தேவைப்படும். மங்காவிட்டால் அந்தக் காசு மிச்சம்.

மின்னலுக்கு வருவோம். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்னலைக் கடத்தாது, ஆனால் ரவுட்டருக்குப் போகும் கரண்ட் வயர் கடத்தும். திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சேர்ஜ் பாதுகாப்புள்ள மல்ரி பிளக், எர்த் இருந்தால்தான் வேலை செய்யும். பழைய வீடுகளில் மூன்று முள்ளை இரண்டு முள்ளாக்கும் அடப்ரரைப் போட்டு எர்த்தை வெட்டிவிட்டிருப்பார்கள். மின்தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி தொடங்கினால் ட்ரேடை முடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சுவரில் இருந்து கழற்றுங்கள்.

லைன் விஷயத்தில் வேகம் தேவையில்லை. விலைத் தரவு ஒரு வீடியோவை விட மிகக் குறைவாகவே இழுக்கும். 100 எம்பீபீஎஸ் பக்கேஜுக்கு மேலதிகமாகக் கட்டுவதால் ஓடர் முந்திப் போகாது. அறுந்து அறுந்து வராமல் இருப்பதுதான் முக்கியம். ரவுட்டரில் இருந்து மேசைக்கு கற் 6 கேபிள் இழுத்துவிடுங்கள். நம் பக்கத்துப் பழைய கல்வீடுகளின் சுவர் தடிப்பு. இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபை, போனில் படம் பார்க்கப் போதும், ஓடர் போடப் போதாது.

இரண்டாவது லைன் போனில் வரும் 4ஜி. இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு லைனும் ஒரே குழுமத்துடையதாக இருக்கக்கூடாது. எஸ்எல்ரி ஃபைபருக்கு மொபிற்றல் சிம்மைத் துணையாக வைத்தால் இரண்டும் ஒன்றாகவே விழக்கூடும், எஸ்எல்ரியும் மொபிற்றலும் ஒரே குழுமம். அதற்கு டயலொக்கோ ஹட்ச்சோ வையுங்கள். எயார்ரெல் 2024 இல் டயலொக்கோடு இணைந்துவிட்டது, அந்த இரண்டையும் தனித்தனி என்று எண்ண வேண்டாம். மேசை இருக்கும் அறையில், கதவைச் சாத்திவிட்டு, சிக்னலைப் பாருங்கள். முற்றத்தில் நின்று பார்ப்பதில் பயனில்லை. டேற்றா வாங்கும்போதும் கவனம். இரவு நேர டேற்றா என்று பிரித்துத் தரும் பக்கேஜில் பெரிய எண் இரவுக்குத்தான் இருக்கும், பகலுக்குக் கொஞ்சமே. சமூக வலைத்தளத்துக்கு மட்டும் என்று விற்பதில் தரகரின் தளம் திறக்காது. எந்த நேரமும் எந்தத் தளமும் திறக்கும் டேற்றாவாக ஒரு ஜீபீயாவது எப்போதும் மிச்சம் இருக்கவேண்டும்.

மூன்றாவது வழி தொலைபேசி. தரகு நிறுவனத்தின் ஓடர் எடுக்கும் இலக்கம், அங்கே உங்கள் கணக்கைப் பார்க்கும் ஆலோசகரின் நேரடி இலக்கம், உங்கள் சீ.டீ.எஸ் கணக்கு இலக்கம் மூன்றையும் தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். போனில் மட்டும் இருந்தால் போதாது, போன் சார்ஜ் இறங்கும் நாளும் அதே நாளாகத்தான் இருக்கும். பேசும்போது கணக்கு இலக்கம், பங்கின் குறியீடு, வாங்கவா விற்கவா, எத்தனை, என்ன விலை, இந்த ஒழுங்கில் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு, சந்தை இல்லாத ஒரு போயா தினத்தில் ஒத்திகை பாருங்கள். காலை 9.30 க்கு மெயின் சுவிச்சை இறக்குங்கள். ரவுட்டர் நிற்கிறதா, எத்தனை மணிக்கு அணைகிறது, லப்ரொப் எத்தனை மணி தாங்குகிறது என்று எழுதுங்கள். பிறகு ரவுட்டரின் கேபிளைக் கழற்றி, போன் ஹொட்ஸ்பொட்டில் தரகரின் தளத்துக்குள் நுழையுங்கள். நுழைவுக் குறியீடு எந்த சிம்முக்கு வருகிறது என்பது இங்கேதான் தெரியவரும். அந்த சிம் அம்மாவின் போனில் இருக்கிறது, அம்மா நல்லூருக்குப் போய்விட்டார் என்றால் உங்கள் முழு ஏற்பாடும் பிழை. மாறி இணைவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால், எந்தப் படியில் நேரம் போனது என்று பார்த்துத் திருத்துங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். லைன் அறுந்தாலும், நீங்கள் போட்டுவைத்த ஓடர் சந்தையில் உயிரோடுதான் இருக்கும், கணினி அணைந்ததால் ரத்தாகாது. அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓடர் என்றால் மாலையில் காலாவதியாகும். ரத்துச் செய்யும்வரை என்று போட்டது அடுத்தடுத்த நாளும் நிற்கும். மீண்டும் உள்ளே வந்தவுடன் புது ஓடர் போடாமல், பழையது எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இதைப் பார்க்காமல் இரண்டாம் தரம் விற்கப் போய்க் குழம்புபவர்கள் அதிகம்.

தளத்தைப் பொறுத்தவரை, கொழும்புத் தரகர்கள் பலர் ஏட்ரேட் அல்லது டிரெக்ற்எஃப்என் தருகிறார்கள். எது கிடைத்தாலும் மூன்று விடயத்தை அதில் பழகுங்கள். முதலாவது பங்கின் குறியீடு. முடிவில் என்0000 என்று வந்தால் வாக்குரிமை உள்ள பங்கு, எக்ஸ்0000 என்றால் வாக்குரிமை இல்லாதது. கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி இரண்டுக்கும் இரண்டு வகையும் உண்டு, விலையும் வேறு, கைமாறும் அளவும் வேறு. அவசரத்தில் எக்ஸை வாங்கியவர், விற்க ஆள் தேடி நிற்பார்.

இரண்டாவது சந்தை ஆழம். கடைசி விலை 25.00 என்று பெரிய எழுத்தில் தெரியும். வாங்குவோர் பக்கத்தில் 25.00 க்கு 300 பங்கு, 24.80 க்கு 500, 24.50 க்கு 1,200 என்று நிற்கிறது என்று வைப்போம். உங்கள் 2,000 பங்கைச் சந்தை விலைக்கு என்று விற்றால் 7,500, 12,400, 29,400 என்று சேர்ந்து 49,300 தான் வரும். திரையில் பார்த்தது 50,000. கட்டணத்துக்கு முன்பே 700 ரூபா போய்விட்டது. அதனால் சந்தை விலை ஓடர் வேண்டாம், எப்போதும் விலை குறித்துப் போடுங்கள். உங்கள் முழு அளவையும் முதல் இரண்டு மூன்று விலைப் படிக்குள் வாங்க ஆள் நிற்காத பங்கை எடுக்காதீர்கள்.

மூன்றாவது ஸ்ரொப் லொஸ், அதாவது நீங்கள் குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஓடர். உங்கள் தரகரின் தளத்தில் அந்த வகை ஓடர் இருந்தால், அது எந்த விலையில் எழும்பி எந்த விலைக்கு விற்கும் என்று ஆலோசகரிடம் கேட்டுத் தெளியுங்கள். இல்லாவிட்டால் விலை எச்சரிக்கை வைத்துக் கையால் விற்க வேண்டும், அப்படியென்றால் பங்கு கையில் இருக்கும் நேரத்தில் மேசையை விட்டு எழும்ப முடியாது. அளவுக் கணக்கும் இங்கேதான் வருகிறது. 150,000 முதலோடு தொடங்கி, ஒரு ட்ரேடில் 1 வீதம், அதாவது 1,500 ரூபாவுக்கு மேல் இழக்கக்கூடாது என்று வையுங்கள். 25.00 க்கு வாங்கி 24.40 இல் வெட்டுவதாக, அதாவது நட்டத்தோடு விற்று வெளியே வருவதாக இருந்தால் வித்தியாசம் 60 சதம். 1,500 ஐ 60 சதத்தால் பிரித்து 2,500 பங்கு என்பார்கள். இரண்டு பக்கக் கட்டணமும் ஒரு பங்குக்கு 55 சதம் வருகிறது. உண்மையான இழப்பு 1.15 ரூபா. 2,500 பங்கில் அது 2,880 ரூபா, நினைத்ததில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சரியான அளவு 1,300 பங்கு.

எந்த யூபிஎஸ்ஸும் எந்த ஓடரும் காப்பாற்றாத நாளும் உண்டு. இருபது பெரிய கம்பனிகளின் பங்கு விலையைக் கொண்டு கணிக்கும் எஸ் அன்ட் பீ எஸ்எல்20 சுட்டெண் முந்தைய நாளில் இருந்து 5 வீதம் விழுந்தால் சந்தை அரை மணி நேரம் நிறுத்தப்படும், 7.5 இல் மீண்டும் அரை மணி, 10 வீதத்தில் அன்றைக்கு முடிந்தது. 2022 ஏப்ரலில் ஒரு வாரம் முழுவதும் சந்தை மூடியே இருந்தது. அந்த நேரத்தில் தரகரிடம் கடன் எடுத்து வாங்கியவருக்கு விற்க வழி இல்லை, வட்டி மட்டும் ஓடியது. முதல் வருடம் தரகர் கடன் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஃபோரெக்ஸ் பற்றி நேராகவே சொல்கிறேன். இலங்கையில் வசிப்பவர் ஒருவர் வங்கி அட்டையால் ஃபோரெக்ஸ் தளங்களுக்கோ கிரிப்ரோ வாங்கவோ காசு கட்டுவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அனுமதிக்கப்பட்டதல்ல. மத்திய வங்கி இதைப் பலமுறை அறிவித்திருக்கிறது. கூட்டாளியின் கையில் காசு கொடுத்து அவர் மூலம் டொலராக்குவதும் பாதுகாப்பில்லை. தளம் காசைத் திருப்பித் தராவிட்டால் முறையிட உங்களுக்கு இடமே இருக்காது. தானாக ட்ரேட் செய்து தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்த எம்ரிஎஃப்ஈ 2023 இல் கவிழ்ந்தது, மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆள் சேர்த்தால் கொமிஷன் என்று வந்தால், அது எந்தப் பெயரில் வந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

கணக்குத் திறப்பது இப்போது கொழும்புப் பங்குச் சந்தையின் கைப்பேசிச் செயலியிலேயே முடியும். அடையாள அட்டையும் வங்கிக் கணக்கு விவரமும் வேண்டும். தரகரைச் சந்தையின் இணையத்தளத்தில் உள்ள உறுப்பினர் பட்டியலில் இருந்து மட்டும் தெரிவு செய்யுங்கள். தமிழில் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று கேளுங்கள், அவசரத்தில் மொழி தடுமாறக் கூடாது. காசைத் தரகு நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் போடுங்கள், ஆலோசகரின் சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் வேண்டாம்.

அண்ணா தந்த காசு கடனா, கொடையா என்று இப்போதே அவரோடு பேசி முடியுங்கள். 150,000 சந்தைக்கு, ராமும் திரையும் சின்ன யூபிஎஸ்ஸும் கேபிளும் போக மிச்சத்தை வங்கியில் வைப்பிலிடுங்கள். ரியூசனை விடாதீர்கள். முதல் இரண்டு மாதம் காசு போடாமல், உண்மையான சந்தை ஆழத்தைப் பார்த்துக் கொப்பியில் ட்ரேட் எழுதுங்கள்: நேரம், குறியீடு, வாங்க நினைத்த விலை, அந்த விலையில் உண்மையில் எத்தனை பங்கு கிடைத்திருக்கும், வெட்டும் விலை, காரணம், இரண்டு பக்கக் கட்டணம், மிச்சம். காசு போட்டுத் தொடங்கிய பிறகும் அதே கொப்பிதான், ஒரு நிரல் மட்டும் கூடும். தரகர் அனுப்பும் கொள்வனவுக் குறிப்பு, விற்பனைக் குறிப்பில் உள்ள தொகையை அன்று மாலையே அதில் எழுதுங்கள். உங்கள் கணக்கோடு ஒரு ரூபா வித்தியாசம் வந்தாலும் அடுத்த நாள் 9.30 க்கு முன் ஆலோசகரை அழைத்துக் கேளுங்கள்.